தலைப்புக்கு மேல் ஒரு சுழி

உட்காரும்மா. நின்னாலும் அது அதே வேகத்துலதான் சுத்தும், உட்கார்ந்தாலும் அதே வேகத்துலதான் சுத்தும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காரு. நஸ்ரின் இன்னைக்கு லீவு, அவ இடம்தான்.

அப்பா பேரு ஏகாம்பரம். ஊரு போளூர். ரெண்டாயிரத்துப் பதினைஞ்சுல இங்கேயே குடலிறக்க ஆபரேஷன். அப்போ ஏதோ ஒரு மருந்து ஏத்தினதும் முகமெல்லாம் வீங்கி, மூச்சு நின்னு போய்த் திரும்ப வந்துச்சு. அது என்ன மருந்துன்னு உங்க வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போ குடல் முறுக்கிக்கிட்டு மூணு நாளா ரெண்டாவது மாடியில படுத்திருக்கார். மயக்க மருந்து டாக்டர் அந்தப் பழைய பேப்பரைக் கேட்கிறார். பேப்பர் வந்தாலும் வராட்டியும் பதினொன்றரைக்கு உள்ளே எடுத்தே ஆகணும். அவ்வளவுதானே? நான் சொன்னதுல தப்பில்லையே? எதையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிறது என் வழக்கம்.

போட்டாச்சு. பார், கம்ப்யூட்டர்ல அந்த நீல வளையம் சுத்துது. இப்போ மணி பத்து ஐம்பது. இருபது நிமிஷம் ஆகும். சில நாள் அரை மணி. கும்பிட்டுக்கோ. நானும் கும்பிட்டுட்டுத்தான் போட்டேன்.

காகிதக் கட்டு எங்கேயாவது இருக்குமான்னு கேட்கிறியா? இல்லைம்மா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு மூணு லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. கூழாக்கி அட்டைப் பெட்டி பண்ணுவாங்களாம். அன்னைக்கு நானும் நஸ்ரினும் வாசல்ல நின்னு பார்த்தோம். 'அம்மா, இனிமே எல்லாம் உங்க தலைப்புலதான் இருக்கு'ன்னு அவ சொன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆமாம், என் வேலை தலைப்புப் போடுறது. என் பேரு பூங்காவனம். டாக்டர் எழுதுறது, நர்ஸ் எழுதுறது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எல்லாம் கட்டா இங்கே இறங்கும். நஸ்ரின் ஸ்கேன் பண்ணுவா. நான் மேலே தலைப்பு அடிப்பேன். பேரு, ஊரு, வருஷம், என்ன வியாதி. நான் அடிக்கிறதுதான் அந்த ஆளுக்கு விலாசம். தலைப்பு தப்பிப் போச்சுன்னா அந்த மனுஷன் உள்ளேயே தொலைஞ்சு போயிடுவார்னு ஜெயசீலன் சார் முதல் நாளே சொன்னார். அவர்தான் எங்க சூப்பர்வைசர். இப்போ மீட்டிங் போயிருக்கார். நல்லவர். எனக்கு ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

எங்க வீட்டுக்காரர் இதே ஆஸ்பத்திரியில கேட்டுல வாட்ச்மேனா இருந்தார். அவர் போனப்புறம் எனக்கு இந்த வேலை போட்டுக் கொடுத்தாங்க. படிப்பு பத்தாவது, டைப்ரைட்டிங் லோயர். அவ்வளவுதான். பெரியவ பொற்கொடி ஓசூர்ல இருக்கா, சின்னவன் ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியில. 'ஏம்மா இந்த வயசுல, வீட்டுல இரேன்'னு ரெண்டு பேரும் சொல்வாங்க. வீட்டுல இருந்து என்ன பண்றது? இங்கே இருந்தா ஒரு நாளைக்கு ஐநூறு பேரை நினைச்சுக்கிறேன். பேரு அடிக்கும்போது அந்த ஆள் நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே அடிப்பேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? ஊசி போடத் தெரியுமா, கட்டுக் கட்டத் தெரியுமா?

போன் அடிக்குது பார். எடு, எடு.

தம்பியா? என்ன சொல்றான்? ம். உதட்டை நனைக்கக்கூடத் தண்ணி கொடுக்கலையா. அப்படித்தான்மா, ஆபரேஷன்னா கொடுக்க மாட்டாங்க. இதோ வந்துடும்னு சொல்லு. வளையம் நிக்காம சுத்துதே, அதுவே நல்ல சகுனம். நின்னு போனாத்தான் பயம், மறுபடி முதல்லேருந்து போடணும்.

முதல்ல எல்லாம் இப்படி இல்லை. நான் சேர்ந்த புதுசுல பேரைப் போட்டா டக்குனு வந்து நிக்கும். ரெண்டு மூணு வருஷம் போனதும் ஒரு டீ குடிச்சுட்டு வந்தா வந்திருக்கும். போன வருஷம் சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒன்பது லட்சம் ஃபைல் சேர்ந்து போச்சுன்னு சொன்னாங்க. ஒரு நாள் பெரிய டாக்டரே படியிறங்கி வந்து, இதோ நீ நின்ன இடத்துலதான், நாற்பது நிமிஷம் நின்னார். 'ஜெயசீலன், இது கம்ப்யூட்டரா கல்லுரலா?'ன்னு கேட்டுட்டுப் போனார். அடுத்த வாரமே மெட்ராஸ்லேருந்து ஆள் வரவழைச்சாங்க.

அருள்மொழின்னு ஒரு பொண்ணு. முப்பத்தஞ்சு வயசிருக்கும். ஐப்பசி மழை. நனைஞ்சுக்கிட்டே வந்துச்சு, செருப்பை வெளியே விட்டுட்டு உள்ளே வந்துச்சு. எனக்கு அதுலயே பிடிச்சுப் போச்சு. மூணு வாரம் இங்கேயே உட்கார்ந்து பார்த்துச்சு. பால் இல்லாத டீதான் குடிக்கும். 'சாப்பிட்டியாம்மா?'ன்னு கேட்டா, 'முதல்ல இது நேரத்தைச் சாப்பிடறதை நிறுத்தட்டும்மா'ன்னு கம்ப்யூட்டரைக் காட்டும்.

என்னென்னவோ பண்ணிப் பார்த்துச்சு பாவம். முதல்ல, மெஷினுக்கு ஞாபக சக்தி போதலைன்னு பெரிசா ஒன்னு வாங்கி மாட்டுச்சு. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாம் நாள் பழைய குருடி. அப்புறம், தேடும்போது எல்லாத்தையும் ஒரே நேரத்துல காட்டப் பார்க்குது, ஐம்பது ஐம்பதா காட்டட்டும்னு மாத்துச்சு. அப்புறம், பேரைத் தேடும்போதே படத்தையெல்லாம் எதுக்குத் திறக்கணும், கேட்டாத் திறக்கட்டும்னு அதையும் மாத்துச்சு. கொஞ்சம் குறைஞ்சுச்சு. நாற்பது நிமிஷம் முப்பதாச்சு. அதுக்கு முகம் விழுந்து போச்சு.

நிர்வாகத்துலேருந்து ஒருத்தர் வந்து, 'இறந்தவங்க ஃபைலையெல்லாம் தனியா ஒரு பெட்டியில தள்ளிடலாமே, பாதி பாரம் குறையுமே'ன்னார். அதுக்கு ஜெயசீலன் சார், 'நம்மகிட்ட இருந்து நல்லா நடந்து போய் வீட்டுல இறந்தவங்க எல்லாம் நமக்கு லெட்டர் போட்டுட்டா சார் இறந்தாங்க?'ன்னு கேட்டார். நஸ்ரின் சிரிப்பை அடக்க முடியாம ஸ்கேனர் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கிட்டா.

இதுல ஒன்னு உனக்குச் சொல்லணும். நான் சேர்ந்த முதல் நாள். முதல் கட்டு என் கையில கொடுத்தாங்க. முனிரத்தினம், வயசு அம்பத்தி ரெண்டு. யாராவது ஏதாவது நினைச்சுக்கப் போறாங்கன்னு, மேலே பிள்ளையார் சுழி போடாம நேரா பேரை அடிச்சுட்டேன். நான் பொறந்ததுலேருந்து சுழி போடாம ஒரு மளிகைச் சீட்டுக்கூட எழுதினதில்லை. அன்னைக்குப் போடலை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல்ல ஒரே அழுகை. யாருன்னு கேட்டேன். முனிரத்தினம்னாங்க.

நீ சிரிக்கலாம். டாக்டருங்க கேட்டா சிரிப்பாங்க. மறுநாள்லேருந்து நான் போட்டேன். ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால ஒரு உ. அப்புறம் பேரு. ஒன்னு விடாம. காய்ச்சலோட வந்த நாள்லயும் போட்டேன், பொற்கொடி கல்யாணத்துக்கு லீவு எடுத்துட்டு வந்து நான் இல்லாத நாள்ல வேற ஆள் அடிச்சதுக்கெல்லாம் தேடிப் போட்டேன். நஸ்ரின் கேலி பண்ணுவா. 'பூவம்மா, நீங்க உ போடுறீங்க, நான் எழுநூத்தி எண்பத்தாறு போடட்டா? சார் ஒரு சிலுவை போட்டுடட்டும். எந்தச் சாமி முதல்ல பார்க்குதோ பார்க்கட்டும்'பா. நான், 'போடேண்டி, யாரு வேண்டாம்னா?'ன்னு சொல்வேன். சார் பார்ப்பார், சிரிப்பார், ஒன்னும் சொல்ல மாட்டார்.

மணி என்ன? பதினொன்னு அஞ்சா. ம். சுத்துது.

மூணாவது வாரம் ஒரு மத்தியானம் அருள்மொழி, 'கண்டுபிடிச்சுட்டேன்'னு நாற்காலியை உதைச்சுத் தள்ளிட்டு எழுந்துச்சு. எங்க எல்லாரையும் கூப்பிட்டு ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டுச்சு. எனக்கும் புரியற மாதிரிதான் சொல்லுச்சு. பெரிய பீரோ ஒன்னு. அதுல நிறைய இழுப்பறை. அ-வுக்கு ஒன்னு, ஆ-வுக்கு ஒன்னு, க-வுக்கு ஒன்னு, கா-வுக்கு ஒன்னு. தலைப்பில் முதல் எழுத்து எதுவோ அந்த இழுப்பறையில ஃபைலைப் போடும். தேடும்போது அந்த ஒரு இழுப்பறையை மட்டும் திறந்து பார்த்தாப் போதும், மத்ததைத் தொட வேண்டாம். அப்படித்தான் இதைச் செஞ்சவங்க செஞ்சு வெச்சிருக்காங்க.

'ஆனா பாருங்க, இருநூறு இழுப்பறை காலியாக் கிடக்கு. ஒன்பது லட்சமும் ஒரே இழுப்பறையில. உ-வுல! யாரைத் தேடினாலும் ஒன்பது லட்சத்தையும் கொட்டிக் கிளறுது. எப்படிங்க வரும்?'

என்கிட்ட அப்போ கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒன்பது லட்சம் பேரும் பிள்ளையார் இழுப்பறையில இருக்காங்களாம்! ஏழை, பணக்காரன், எந்த ஊரு, எந்தச் சாதி, ஒன்னும் கிடையாது, எல்லாரும் ஒரே இழுப்பறையில. ஆறு வருஷம் நான் ஒன்னும் வீணா உட்கார்ந்திருக்கலைன்னு நினைச்சேன்.

அந்தப் பொண்ணு, 'எல்லாத் தலைப்புலயும் முதல்ல ஒரு உ இருக்கே, யாரு போட்டது?'ன்னு கேட்டுச்சு. நஸ்ரின் என் கையைக் கிள்ளினா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஜெயசீலன் சார் ஃபேனைப் பார்த்துக்கிட்டே, 'பழைய சாப்ட்வேர்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் மேடம்'னார். தினம் பார்த்தவர் ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. மறந்துட்டார் போல. நானும் பேசலை. சாமிக்குச் செய்யறதை நாலு பேர்கிட்ட சொல்லிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அது உட்கார்ந்து ஏதோ ஒன்னு எழுதி ஓட விட்டுச்சு. திங்கட்கிழமை வந்து பார்த்தா, அடேயப்பா! பேரைப் போட்டு விரலை எடுக்கிறதுக்குள்ள ஃபைல் வந்து நிக்குது. சுப்பராயனா, இந்தா. மும்தாஜா, இந்தா. நஸ்ரின் கை தட்டினா. பெரிய டாக்டர் கேக் வாங்கி அனுப்பினார். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. நானும் கேக் தின்னேன்.

அப்புறம்தான் பார்த்தேன். சுழி இல்லை.

ஒன்னுலகூட இல்லைம்மா. ஒன்பது லட்சமும் மொட்டையா நிக்குது. மஞ்சள், குங்குமம் எல்லாம் இட்டு வரிசையா உட்கார வெச்ச ஜனத்தை யாரோ ஈரத்துணி போட்டு நெற்றியைத் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. வெறும் பேரு, வெறும் பேரு, வெறும் பேரு. அந்தப் பொண்ணு வேணும்னு செஞ்சிருக்காது. அதுக்கு அது ஒரு எழுத்து, அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பும்போது, இதோ கம்ப்யூட்டர் ஓரத்துல மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கு பார், அதை அதுதான் ஒட்டுச்சு. 'தலைப்பில் பேர்தான் முதலில் வர வேண்டும்.' ஜெயசீலன் சாரும் தனியாக் கூப்பிட்டு, 'பூங்காவனம்மா, இனிமே பேரிலேருந்து ஆரம்பிங்க, என்ன?'ன்னார். சரிங்க சார்னேன்.

பேரிலேருந்துதான் ஆரம்பிக்கிறேன். சுழி பேரோட சேர்த்தி இல்லையே. அது எழுத்துக்கும் முன்னால வர்றது. எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நின்னு கும்பிடுறது. அதை யாராவது எழுத்துன்னு எண்ணுவாங்களா?

அந்த வாரம் மட்டும் ஐசியுவுல மூணு பேர் போனாங்க. மூணு. அதுக்கு முந்தின மாசம் மொத்தமே ரெண்டு. நான் யார்கிட்டயும் சொல்லலை. வேலை ஒன்பது மணிக்கு, நான் ஏழரைக்கே வர ஆரம்பிச்சேன். வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு, விளக்கைப் போட்டு உட்கார்ந்துடுவேன். புதுசா வர்றதுக்கெல்லாம் அப்பப்பவே போட்டுடுவேன், அது சுலபம். பழசுக்குத்தான் திறந்து திறந்து போடணும். ஒன்பது லட்சத்துக்கும் என் ஆயுசுக்குள்ள போட முடியுமா? அதனால ஒரு வழி வெச்சிருக்கேன். யாரு இப்போ மேலே வார்டுல படுத்திருக்காங்களோ, அவங்க பழைய ஃபைலுக்கு முதல்ல. அவங்களுக்குத்தானே அவசரம்? தினமும் அட்மிஷன் பட்டியல் வரும், அதைப் பார்த்து ஒவ்வொருத்தரா தேடி எடுத்து முன்னால ஒரு உ போட்டு மூடிடுவேன். எட்டு மாசமா ஒரு நாள் விடலை.

உங்க அப்பாவுக்கும் போட்டேன்மா. புதன்கிழமை காலையில. ஏகாம்பரம், போளூர். அன்னைக்குத் திறந்தப்போ டக்குனு வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா ஏ-வுல பேரு கம்மி. நீ பயப்படாதே. அவருக்குச் சுழி இருக்கு.

என்னமோ திரும்பவும் மெதுவாகிப் போச்சு. தை மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பங்குனியில ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். இப்போ இப்படி. அருள்மொழிக்குப் போன் பண்ணியிருக்காங்க, வேற ஊர்ல வேலையா இருக்காம். 'யாராவது தலைப்பை மாத்திக்கிட்டே இருந்தா அது ஒவ்வொரு தடவையும் திரும்ப அடுக்கும்'னு சொல்லுச்சாம். யாரு மாத்துறாங்க இங்கே? ஜெயசீலன் சார் அதை என்கிட்ட சொல்லிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். நான், 'ஒருவேளை மழைக்காலத்துல வந்து மாட்டின ஒயரா இருக்குமோ சார்?'னு கேட்டேன். அவர் போய்த் தன் இடத்துல உட்கார்ந்துட்டார். நாலு நாளா அவருக்கும் முகம் சரியில்லை. மேலிடத்துல ஏதோ கேட்கிறாங்களாம். பாவம், நாலு பேர் நடுவுல அவர்தான் பதில் சொல்லணும்.

ஏம்மா அப்படிப் பார்க்கிறே?

பதினொன்னு பன்னிரண்டு. என்ன? அந்தக் கட்டத்துல நான் என்ன அடிச்சேன்னா? அப்பா பேருதான். முன்னால சுழி போட்டுத்தான் தேடணும், அவரு அங்கேதானே இருக்கார்.

நஸ்ரின் கம்ப்யூட்டர்ல நீ போட்டுப் பார்க்கிறியா? பாரும்மா, உன் மனசு ஆறட்டும். இதைத் தொடாதே, இது ஓடட்டும். அதுல பேரை மட்டும் அடிக்கிறியா? சுழி இல்லாமலா? சரி. அடி. ஏ-வுக்கு அந்தக் கோடிப் பொத்தான்.

வந்துடுச்சே.

பார், எத்தனை ஏகாம்பரம்! நாற்பத்தொன்னு. ஆரணி ஏகாம்பரம், செங்கம் ஏகாம்பரம், வந்தவாசி ஏகாம்பரம் ரெண்டு பேரு... போளூர்? கீழே தள்ளு. இல்லை. போளூர் இல்லை. பார்த்தியா? நான் சொல்லலை? சுழி இல்லாத கூட்டத்துல உங்க அப்பா இல்லை. அவரை நான் எடுத்து இந்தப் பக்கம்...

இந்தப் பக்கம் வெச்சேன்.

இரு. நீ அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? விரலைக்கூட எடுக்கலை. நாற்பத்தோரு பேரும் வந்து நின்னுட்டாங்க. செங்கம் ஏகாம்பரத்துக்கு ஒன்னும் அவசரம் இல்லை, அவர் வீட்டுல இருக்கார். அவர் வந்துட்டார். ஆரணிக்காரர் வந்துட்டார்.

அந்தப் பொண்ணு படம் போட்டுக் காட்டுச்சு. எனக்குப் புரியற மாதிரிதான் காட்டுச்சு. பீரோ. இழுப்பறை. நான் தலையை ஆட்டினேன்.

நீ அழாதேம்மா. உனக்கு என் மேல கோபம் வந்தா திட்டிடு. என் பொற்கொடி மாதிரி இருக்கே, திட்டு. சும்மா அப்படிப் பார்க்காதே. நான் நல்லதுக்குத்தான்... புதன்கிழமை காலையில நான் வராம இருந்திருந்தா, பஸ் கிடைக்காம போயிருந்தா, இந்நேரம் நீ பேப்பரை எடுத்துக்கிட்டு மேலே போய் டாக்டர் கையில கொடுத்திருப்பே. அப்படியா? அப்படியா சொல்றே? நீ ஒன்னும் சொல்லலையே, நான்தான் சொல்லிக்கிறேன்.

பதினொன்னு பதினேழு.

எடுத்துடலாம்னா எடுக்கவும் முடியாது. எடுக்கணும்னா அவர் ஃபைலைத் திறக்கணும். திறக்கணும்னா இது சுத்தி முடிக்கணும். அந்த உ இழுப்பறையில இப்போ ஒன்னேகால் லட்சம், ஒன்னரை லட்சம் பேர் இருப்பாங்க. எல்லாரையும் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டேன். வேண்டிக்கலாமான்னுகூடத் தெரியலை. நான் வேண்டினா அதுவும் போய் அவர் தலையில பாரமா உட்காருமோ என்னமோ. நீ வேண்டிக்கோ. நான் சும்மா இருக்கேன்.

தம்பிக்குப் போன் போடு. டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் கேட்கச் சொல்லு. காலைப் பிடிச்சாவது கேட்கச் சொல்லு. என்னவாம்? தள்ளுவண்டியில ஏத்திட்டாங்களா.

ஏத்தட்டும். வண்டி உள்ளே போறதுக்கும் ஊசி போடுறதுக்கும் நடுவுல நேரம் இருக்கும். இருக்கும்மா. எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு.

இருபத்தொன்னு.

இருபத்திரண்டு.

நின்னுடுச்சு! இல்லை, இல்லை, கெட்டுப் போய் நிக்கலை, வந்து நிக்குது. பார். உ, அப்புறம் ஏகாம்பரம், போளூர், ரெண்டாயிரத்துப் பதினைஞ்சு. திற. கடைசிப் பக்கத்துக்குப் போகணும், அங்கேதான் எழுதுவாங்க. இதோ. சிவப்பு மையில கட்டம் கட்டியிருக்கு. எனக்கு இங்கிலீஷ் வராது, நீ படி. இதுதானா? இதுதானே? அடிச்சுத் தர்றேன், அந்தப் பிரிண்டர் சட்டுனு அடிக்கும், அதுக்கு நான் ஒன்னும் செய்யலை.

இந்தா, பிடி. மை காயலை, மடிக்காதே. முதல்ல போன்ல தம்பிக்கு அந்த மருந்து பேரைப் படிச்சுச் சொல்லு, அவன் கதவைத் தட்டிச் சொல்லட்டும், நீ பின்னால போ. லிப்டுக்கு நிக்காதே, படியில ஓடு. ஓடு கண்ணு. பை! பையை விட்டுட்டே. இருக்கட்டும், நான் பார்த்துக்கிறேன். ஓடு.

...

போயிட்டா.

நாலு படி ஏறுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேட்கலை.

பிள்ளையாரப்பா. நீங்க நாலு சுவருக்கு அந்தப் பக்கம் வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எட்டு மாசமா ஏழரை மணிக்கு உங்க முன்னால நின்னுட்டுத்தானே வந்தேன்? ஒரு நாளாவது, 'வேண்டாண்டி'ன்னு சொல்லியிருக்கலாமே. ஜெயசீலன் சார் சொல்லாம விட்டார், அவருக்கு என்னைப் பார்த்தா பாவமா இருந்திருக்கும். நீங்களுமா?

இதோ அடுத்த கட்டு இருக்கு. தலைப்புக் கட்டம் மின்னிக்கிட்டு நிக்குது. லட்சுமிகாந்தம், வயசு முப்பது, தலைப்பிரசவம். போட்டா அந்தப் பொண்ணு ஒரு நாள் அவசரத்துல வந்து நிக்கும்போது தாமதமாகும். போடாம விட்டா... முனிரத்தினம். எனக்குக் கை எழும்பலை. ரெண்டுக்கும் எழும்பலை.

போன். மேலேருந்துதான். பிரசவ வார்டு.

சொல்லும்மா. ரெக்கார்டு ரூம்தான், பூங்காவனம்தான் பேசறேன். முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சதா? பழைய ஃபைல் வேணுமா. அவசரமா. பேரு சொல்லு. ஊரு. ம். ம்.

இல்லைம்மா, எழுதிக்க வேண்டாம். இந்தப் பேரு எனக்குத் தெரியும். இன்னைக்குக் காலையில, ஏழே முக்காலுக்குத்தான் சுழி... ஒன்னுமில்லை. ஒன்னுமில்லைம்மா.

கொஞ்ச நேரம் ஆகும். யாராவது கீழே வந்தா, வந்து உட்காரச் சொல்லு.